ஊர் கூடிச் சேர்த்த பணம் எந்த மாணவருக்கு, எப்போது?

கேள்வி:

வணக்கம் அம்மா. எங்கள் பகுதியில் இருப்பது ஒரே ஒரு கல்லூரி. நானும் என் நண்பர்களும் அங்கேதான் படித்தோம். எங்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் போன வருடம் தவறிவிட்டார். அவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நாற்பது பேர் சேர்ந்து பணம் திரட்டினோம். ஏறக்குறைய பத்து மாணவர்களின் ஓராண்டுக் கட்டணத்துக்குச் சமமான தொகை அது. பணம் சேரும்வரை எல்லோரும் ஒரே குரலில் பேசினோம். சேர்ந்த பிறகு மூன்று கட்சி ஆகிவிட்டோம். நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் எடுப்பவருக்குப் பரிசு தரலாம் என்கிறார்கள் சிலர். இந்த வருடமே பத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டிவிடலாம் என்கிறார்கள் சிலர். ஒரு வகுப்பறை கட்டி சார் பெயரைப் பொறிக்கலாம் என்பது மூன்றாவது கட்சி. இதற்கு நடுவில், கல்லூரியிடம் கொடுத்தால் பணம் எங்கே போகும் என்று தெரியுமா என ஒருவர் கேட்டுவிட்டார். பொருளாளர் நான். இரவில் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்

பதில்:

ஐயா, வணக்கம். கொடுப்பதற்கு முன்பே சண்டை வந்தது நல்லது. கொடுத்துவிட்டு ஐந்து வருடம் கழித்துச் சண்டை போட்டுக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரி ஒன்றின் மாணவர் உதவிப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் என்பதால், அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மூன்று கட்சிகளும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு மாணவர் படிப்பை விடுவது எந்த நேரத்தில்?

சேரும்போதுதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். நன்கொடைகளில் பெரும்பகுதி அந்த நேரத்தைக் குறிவைத்தே வருகிறது. ஆனால் பிள்ளை கல்லூரியில் சேரும்போது குடும்பம் எப்படியாவது புரட்டிவிடும். நகை போகும், மாமா கொடுப்பார், தெரிந்தவர் கடன் தருவார். அது திருவிழா மாதிரி. எல்லோரும் கை கொடுப்பார்கள். இரண்டாம் வருடம் மூன்றாவது செமஸ்டரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, பகுதிநேர வேலை பறிபோகிறது, தங்கியிருந்த அறையில் வாடகை ஏற்றுகிறார்கள். கட்டணத்தில் முக்கால்வாசி கட்டியாகிவிட்டது, மிச்சம் கொஞ்சம்தான் பாக்கி. அந்தக் கொஞ்சத்துக்காகத் தேர்வு எழுத அனுமதிச் சீட்டு நிற்கிறது, அல்லது அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் போகிறது. பையன் 'ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறான். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை என் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். இறுதியாண்டு. ஜன்னலுக்கு வந்து 'மேடம், டிசி வாங்க என்ன ஃபார்ம்?' என்று கேட்டாள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தால் பாக்கி ஆண்டுக் கட்டணத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதே வருடம் எங்கள் கல்லூரியில் ஒரு பெரிய அறக்கட்டளைப் பணம் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு மூன்று பேராசிரியர்கள் தங்கள் பையில் இருந்து போட்டார்கள். அவள் தேர்வு எழுதினாள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கும் இடம். ஒவ்வொரு செமஸ்டரிலும் சிறு பாக்கிக்காக எத்தனை பேர் பெயர் நீக்கப்படுகிறது என்று பார்த்து, 2011இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். படிப்பு ஒழுங்காகப் போகிறதா, பாக்கி சிறிதா, வேறு உதவி எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று அலுவலகமே பட்டியலைப் பார்க்கும். பார்த்து, அந்தப் பாக்கியைத் தானே கட்டிவிடும். மாணவர் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குச் சராசரியாக 900 டாலர் அளவுதான் ஆனது. அந்த நாட்டுக் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அந்தச் சில்லறையில் இறுதியாண்டு மாணவர்கள் பலர் பட்டம் வாங்கிவிட்டுப் போனார்கள். பிறகு வேறு பல கல்லூரிகளும் இதைப் பார்த்துத் தொடங்கின.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் முதல் கட்சிக்கு வருவோம். நிரந்தர வைப்பு. கேட்க நன்றாக இருக்கிறது: 'முதல் அப்படியே இருக்கும், வட்டி என்றென்றைக்கும் வரும்.' நீங்கள் கணக்கு வாத்தியாரின் மாணவர். அதனால் கணக்காகவே பார்க்கலாம். ஒரு மாணவரின் ஆண்டுக் கட்டணத்தை 100 என்று வையுங்கள். உங்கள் கையில் இருப்பது 1,000. நீண்ட காலம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று நினைக்கிற பெரிய பல்கலைக்கழகங்கள் வைப்பிலிருந்து ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் வரைதான் எடுத்துச் செலவு செய்கின்றன. 4 சதவீதம் என்றால் உங்களுக்கு வருடம் 40 வரும். அரை மாணவருக்குக்கூடப் போதாது.

'ஏன் 4? வங்கி அதைவிட அதிகம் தருகிறதே, முழுவதையும் எடுப்போம்' என்று யாராவது சொல்வார்கள். எடுக்கலாம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி முழுவதையும் எடுத்துச் செலவழித்தால் முதல் வளராது; பன்னிரண்டு வருடத்தில் அதன் மதிப்பு பாதி, இருபத்து நான்கு வருடத்தில் கால். தொடங்கிய வருடம் ஒரு பிள்ளையின் பாதிக் கட்டணத்தைக் கட்டிய நிதி, அந்தப் பிள்ளையின் பிள்ளை கல்லூரிக்கு வரும்போது கட்டணத்தில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் உதவும். பேர் மட்டும் நிற்கும். பழைய கல்லூரிகளின் ஆண்டு மலரைப் புரட்டினால் இன்னார் நினைவுப் பரிசு, இன்னார் நினைவுப் பதக்கம் என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். அதில் சில பரிசுகளுக்கு இப்போது சான்றிதழ் மட்டும்தான். பணம் அச்சடிக்கும் செலவுக்கே போதவில்லை.

வைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வைத்திருக்கிற தொகைக்கு அது ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. அவ்வளவுதான்.

மதிப்பெண் பரிசு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலிடம் எடுப்பவரைத் தேடி ஏற்கெனவே பலர் வருவார்கள். ஐம்பத்தைந்தும் அறுபதும் எடுத்துக்கொண்டு, மாலையில் வேலைக்குப் போய்விட்டு, எப்படியோ படிப்பைத் தொடர்கிற பிள்ளையை யாரும் தேடி வருவதில்லை. உங்கள் கணக்கு சார் யாரை வகுப்பு முடிந்த பிறகும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார், டாப்பரையா?

மூன்றாவது கட்சி, கட்டடம். இந்தத் தொகைக்கு வகுப்பறை வராது, வந்தாலும் அதற்கு வெள்ளையடிக்க, மின்விசிறி மாற்ற யார் தருவார்கள் என்ற கேள்வி வரும். விட்டுவிடுங்கள்.

இரண்டாவது கட்சி சொல்வதில் மனம் நல்ல மனம். ஆனால் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, இந்த வருடம் பத்துப் பேருக்குக் கட்டினால் அடுத்த வருடம் அந்தப் பத்துப் பேருக்கு யார்? ஒரு வருடம் கட்டிவிட்டு நிறுத்துவது, பாதி ஆற்றில் இறக்கிவிடுகிற மாதிரி. அந்தப் பிள்ளைகள் உங்களை நம்பி வேறு உதவிக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

இரண்டாவது சிக்கல் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கல்லூரியோ அரசோ ஏற்கெனவே ஒரு மாணவருக்கு 60 தருகிறது என்று வையுங்கள். நீங்கள் 40 தருகிறீர்கள் என்று தெரிந்ததும் சில இடங்களில் அந்த 60ஐ 20 ஆகக் குறைத்துவிடுவார்கள். 'இவருக்குத்தான் வெளியிலிருந்து வருகிறதே' என்பது காரணம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, மிச்சமாவதை வேறு பிள்ளைக்குத் தருவார்கள். விதியும் அப்படி எழுதப்பட்டிருக்கும். ஆனால் நீங்கள் யாருக்குக் கொடுத்ததாக நினைத்தீர்களோ அவர் கையில் கூடுதலாக ஒரு காசு சேர்ந்திருக்காது. இந்த வழக்கத்தைத் தடுக்கவே அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் பொதுக் கல்லூரிகளுக்குத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே பணம் கொடுக்கும் முன் கல்லூரியிடம் நேராகக் கேளுங்கள்: 'எங்கள் உதவி வந்தால் அந்த மாணவருக்கு வேறு உதவி எதுவும் குறையுமா?' பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, நான் என்ன செய்வேன்?

1,000இல் 600ஐ அவசர உதவிக்கு ஒதுக்குவேன். மூன்று வருடத்தில் செலவழித்து முடித்துவிட வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைப்பேன். என் அனுபவத்தில், படிப்பை நிறுத்துகிற பாக்கி பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை. அப்படிப் பார்த்தால் அந்த 600, முப்பது முதல் அறுபது பிள்ளைகளின் கழுத்தில் விழுகிற கயிற்றை அவிழ்க்கும். பத்துப் பேருக்கு ஒரு வருடம் கட்டுவதோடு இதை வைத்துப் பாருங்கள்.

200ஐ நூலகத்துக்குத் தருவேன். கட்டடத்துக்கு அல்ல, பாடப்புத்தகத்துக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் விலை கூடிய புத்தகத்தில் நாலைந்து பிரதி வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதபடி 'இங்கேயே படிக்க' என்று தனி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி ஒரு வருடத்தில் எத்தனை கை மாறும் என்று நூலகரைக் கேட்டுப் பாருங்கள், அசந்துபோவீர்கள். கால்குலேட்டர், வரைகருவி, ஆய்வகத்துக்கான மேலங்கி, செமஸ்டர் முழுக்க இரவல் தரும் மடிக்கணினி இரண்டு மூன்று, இவையும் இதே கணக்கில் வரும். இதில் இன்னொரு நன்மை உண்டு. புத்தகம் கேட்டு வருகிற பிள்ளை ஏழையா பணக்காரனா என்று யாரும் கேட்பதில்லை.

மீதி 200 வைப்பு. உங்கள் முதல் கட்சிக்காரர்களுக்கும் இடம் வேண்டும் அல்லவா? அது விதை. அதில் வருகிற வட்டியை இப்போதைக்குத் தொடாமல் முதலோடு சேருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நாற்பது பேரும் ஒரு முறை கொடுத்துவிட்டுக் கலைந்து போகாதீர்கள். ஒருவர் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவது ஒரு மாணவரின் கட்டணத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 என்று வையுங்கள். நாற்பது பேருக்கு 200. வருடாவருடம் 200. இதே 200ஐ வட்டியிலிருந்து எடுக்க வேண்டுமானால், 4 சதவீதக் கணக்கில், 5,000 வைப்பு வேண்டும். உங்களிடம் இப்போது இருப்பதைப் போல ஐந்து மடங்கு. மாதா மாதம் மறக்காமல் தருகிற நாற்பது பேர் இருந்தால் அந்த ஐந்து மடங்கு இல்லாமலே நடக்கும். பொருளாளர் நீங்கள், வசூல் செய்கிற தொல்லை உங்களுக்குத்தான், அதை மறைக்கவில்லை. அஞ்சல் துறையில் இருந்தவருக்கு மாதச் சேமிப்பு வசூலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்னத் தொகையால் ஒரு கல்லூரியே நின்றிருக்கிறது. வேல்ஸ் நாட்டில் கடலோர ஊரான அபெரிஸ்ட்வித்தில், கட்டி முடிக்கப்படாத ஒரு ஓட்டலை வாங்கி 1872இல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அரசு கைவிரித்த ஆரம்ப வருடங்களில் தேவாலயம் தேவாலயமாக, ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'பல்கலைக்கழக ஞாயிறு' என்று வைத்து உண்டியல் குலுக்கினார்கள். விவசாயி, சுரங்கத் தொழிலாளி என்று சாதாரண மக்கள் போட்ட பென்னிக் காசுகள். 1885இல் கட்டடத்தில் தீப்பிடித்துப் பெரும் சேதம். மறுபடியும் வசூலித்துக் கட்டினார்கள். இன்றைக்கும் அது பல்கலைக்கழகமாக நடக்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒசியோலா மெக்கார்ட்டி என்ற அம்மாள் வாழ்நாள் முழுக்கப் பிறர் துணியைத் துவைத்துப் பிழைத்தவர். உடல்நலம் சரியில்லாத உறவினரைப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். 1995இல், எண்பத்தேழு வயதில், தன் சேமிப்பிலிருந்து 1,50,000 டாலரைத் தன் ஊரில் இருக்கும் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அந்தக் கல்லூரி வாசலை மாணவியாக அவர் மிதித்ததே இல்லை. செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கானோர் அதே நிதியில் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள். நான் இந்தக் கதையில் பார்ப்பது இந்தப் பிற்பகுதியைத்தான். ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் சேர இடம் இருக்கிற மாதிரி நிதியை அமைக்க வேண்டும். 'நாற்பது பேர் நிதி' என்று மூடிவிடாதீர்கள்.

இப்போது கொடுக்கும் முறை. இங்கேதான் நல்ல நிதிகள் கெட்டுப்போகின்றன.

அவசர உதவி என்று பெயர் வைத்துவிட்டு ஆறு கையெழுத்தும் வருமானச் சான்றும் மூன்று பரிந்துரைக் கடிதமும் கேட்டால் அது அவசரமும் இல்லை, உதவியும் இல்லை. படிவம் ஒரே பக்கம். என்ன பிரச்சினை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மூன்றே கேள்வி. இரண்டு வேலை நாளில் பதில். முடிவு எடுக்க இருவர் போதும். மாணவர் உதவிப் பிரிவில் ஒருவர், ஆசிரியர்களில் ஒருவர். மாதம் ஒரு முறை கூடும் குழுவிடம் விட்டால் குழு கூடுவதற்குள் பிள்ளை ஊருக்குப் போய்விடும். 'ஏமாற்றுவார்களே' என்பீர்கள். சிலர் ஏமாற்றுவார்கள். என் காலத்தில் அப்படி ஏமாந்த தொகையைவிட, சரிபார்க்கிறேன் என்று தாமதம் செய்து நாங்கள் இழந்த பிள்ளைகள் அதிகம்.

கட்டணப் பாக்கி என்றால் நேராகக் கணக்கில் கழித்துவிடலாம். மற்றதற்குப் பணத்தை மாணவர் கையிலேயே கொடுங்கள். உடைந்த மூக்குக் கண்ணாடிக்கு ரசீது கொண்டுவா, பயணச் சீட்டைக் கொண்டுவா என்று துரத்தாதீர்கள். கடனாகக் கொடுத்துத் திருப்பி வாங்கலாமே என்று உங்கள் நாற்பது பேரில் ஒருவராவது கேட்பார். வேண்டாம். வசூல் செய்ய ஆள் வேண்டும், அப்புறம் பிள்ளைகள் உங்களைக் கண்டால் ஒளிய ஆரம்பிப்பார்கள். வேலைக்குப் போன பிறகு விருப்பம் இருந்தால் நிதியில் சேருங்கள் என்று ஒரு வரி சொல்லிவையுங்கள், போதும். சொன்னால் சேருகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

மேடை விஷயம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பெரிய அட்டைக் காசோலையை நீட்டி, புகைப்படம் எடுக்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு வருடம் அப்படி ஒரு விழா நடந்தது. தேர்வான பதினோரு பேரில் நான்கு பேர் அன்றைக்கு விடுப்பு. உடம்பு சரியில்லை என்று கடிதம். அவர்களில் ஒருத்தி பிறகு என்னிடம் சொன்னாள், 'என்னோடு பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாம் மேடம்' என்று. உங்களுக்கு விழா வேண்டுமென்றால் நூலக அலமாரியைத் திறந்துவையுங்கள். சாரின் படம் அங்கே இருக்கட்டும். கொடையாளர்களையும் மாணவர்களையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டுமென்றால், சாரைப் பற்றிப் பேசும் கூட்டமாக வைத்து எல்லா மாணவர்களையும் அழையுங்கள். உதவி வாங்கியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

அதே காரணத்தால், உதவி பெறுபவரை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பெயர்ப் பட்டியலும் கேட்காதீர்கள். தெரிந்தவர் பிள்ளை, சொந்தக்காரர் பிள்ளை என்று பேச்சு வரும். பல நாடுகளில், இன்னாருக்குத்தான் என்று கொடையாளரே ஆளைக் குறித்துவிட்டால் அது நன்கொடைக்கான வரிச்சலுகைக்குள்ளும் வராது. தகுதியை நீங்கள் வரையறுங்கள், ஆளைக் கல்லூரி பார்க்கட்டும்.

தகுதியை வரையறுக்கும்போது ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னேனே, வங்கியில் தூங்கிய பணம் என்று. அதைக் கொடுத்தவர் நல்ல மனிதர். ஆனால் நிபந்தனை எழுதியபோது தன் பாட்டனாரின் கனவை எல்லாம் அதில் கொட்டிவிட்டார். குறிப்பிட்ட ஒரு பட்டப்படிப்பு, குறிப்பிட்ட ஒரு கிராமம், எழுபத்தைந்து சதவீத மதிப்பெண், அதிலும் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நான்கும் பொருந்துகிற பிள்ளை ஏழு வருடமாக ஒருவர்கூட வரவில்லை. எட்டாவது வருடம் அந்தப் பட்டப்படிப்பையே மூடிவிட்டார்கள். கொடையாளர் இறந்துவிட்டார், நிபந்தனையை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. பணம் இருந்தது, டிசி கேட்டு வந்த பெண்ணும் இருந்தாள், நடுவில் ஒரு தாள் இருந்தது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் நிபந்தனை இரண்டுக்கு மேல் போக வேண்டாம். கடைசியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: 'இந்த நோக்கத்துக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்த முடியாமல் போனால், இதற்கு நெருங்கிய வேறு மாணவர் உதவிக்குக் கல்லூரி பயன்படுத்தலாம்.'

'பணம் எங்கே போகும்' என்று கேட்டவரைத் திட்டாதீர்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி, மிகப் பழைய கேள்வியும்கூட. ஹார்வர்டு கல்லூரிக்கு 1643இல் லண்டனிலிருந்து ஆன் ராட்கிளிஃப் என்ற விதவைச் சீமாட்டி 100 பவுண்டு கொடுத்தார். ஏழை மாணவர் ஒருவரின் பராமரிப்புக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தக் கல்லூரியின் முதல் உதவித்தொகை நிதி அது. பணம் தனியாக நிற்காமல், அன்று அமெரிக்காவில் அந்தப் பகுதியை ஆண்ட ஆங்கிலேயக் குடியேற்ற அரசின் கருவூலத்துக்குள் போய்க் கலந்தது. காலப்போக்கில் உதவித்தொகையே மறந்துபோனது. 1890களில்தான் பழைய ஏடுகளைப் புரட்டி அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். அங்கே நடந்துவந்த பெண்கள் கல்வி நிறுவனம் 1894இல் கல்லூரியானபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்பது வேறு கதை. யாரும் திருடவில்லை. தனிக் கணக்கு இல்லை, அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் நடப்பதும் இதுதான்: பொதுக் கணக்கில் போட்டால் அந்த மாத மின்கட்டணத்தோடு உங்கள் நன்கொடையும் கரைந்துவிடும்.

அதனால் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை: நிதிக்குத் தனிக் கணக்குத் தலைப்பு உண்டா? நிர்வாகச் செலவு என்று எவ்வளவு பிடிப்பீர்கள்? ஆண்டு முடிவில் எத்தனை பேருக்கு, எந்தக் காரணத்துக்கு, எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒரு பக்கக் கணக்கு, பெயர்கள் இல்லாமல், கிடைக்குமா? கல்லூரியின் தணிக்கையில் இது வருமா? கல்லூரிக்கு என்று தனியாகப் பதிவு செய்த அறக்கட்டளையோ முன்னாள் மாணவர் அமைப்போ இருந்தால் அதன் வழியாகக் கொடுப்பது சுலபம். ரசீது, வரி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்களே புதிதாக ஒரு அறக்கட்டளை பதிவு செய்ய வேண்டும் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். இந்தத் தொகைக்கு அதன் தணிக்கைச் செலவே பாதி வட்டியைத் தின்றுவிடும். முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதல் வருடத்துக்கு 200 கொடுங்கள். கணக்கு சொன்னபடி வந்தால் அடுத்த 200. இப்படிச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நல்ல நிர்வாகம் இதற்குக் கோபப்படாது. கோபப்பட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒரு வேலை உடனே செய்யலாம். கட்டணம் வசூலிக்கிற ஜன்னலில் இருப்பவரைப் போய்ப் பாருங்கள். முதல்வரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 'ஆண்டுக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகப் பாக்கி வைத்து, இந்த செமஸ்டர் தேர்வு எழுத முடியாமல் நிற்பவர்கள் எத்தனை பேர்?' என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி நாற்பது பேர் நடுவில் வையுங்கள், பிறகு மூன்று கட்சிக்கும் ஓட்டெடுப்பு நடத்துங்கள். முடிவு என்ன ஆனது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.